வடிகாலுக்கு ஒதுக்கிய பணம் முதலில் எங்கே போக வேண்டும்?

மழைத்தண்ணீர் ஆற்றில் விழுவதற்கு அரசாங்கத்திடம் உரிமம் வாங்க வேண்டும் என்று சொன்னதும் சென்னையிலிருந்து வந்திருந்த என் மாமா சிரித்துவிட்டார். "யார் வாங்க வேண்டும்? வானமா?" என்று கேட்டார். ஊர் வாங்க வேண்டும் மாமா, வானத்துக்கு விலக்கு உண்டு என்றேன். அதற்குப் பிறகு அரை மணி நேரம் விளக்க வேண்டியிருந்தது. அந்த அரை மணி நேரத்தைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். காரணம், எங்கள் ஊரின் மழைநீர்க் குழுவில் நான் ஒரு தன்னார்வ உறுப்பினன். அடுத்த நிதியாண்டில் வடிகாலுக்கென்று ஒதுக்கப்போகும் பணத்தை முதலில் எதில் இறக்குவது என்று குழு ஒரு பரிந்துரை தர வேண்டும். வழிகள் நான்கு. பணம் ஒன்றரை வழிக்குத்தான் காணும்.

ஊர் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், சார்ல்ஸ் ஆற்றுப் படுகையில் இருக்கிறது. ஹாப்கின்டன் பக்கம் தொடங்கும் இந்த ஆறு, சுமார் 80 மைல் வளைந்து நெளிந்து பாஸ்டன் துறைமுகத்தில் சேர்கிறது. இங்கே தெருவுக்கு அடியில் இரண்டு தனித்தனிக் குழாய்கள் ஓடுகின்றன. வீட்டுக் கழிவுநீர்க் குழாய் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. மழைநீர்க் குழாய் நேராக ஓடைக்கோ ஆற்றுக்கோ போகிறது. நடுவில் சுத்திகரிப்பு எதுவும் கிடையாது. தெருவில் கிடந்த நாய்க்கழிவு, கார் எண்ணெய், புல்வெளி உரம், பிரேக் தூள், உதிர்ந்த இலை எல்லாம் அந்த இரண்டாவது குழாயில் ஏறிப் பயணம் செய்கின்றன.

அமெரிக்காவின் தூய நீர்ச் சட்டம் 1972இல் வந்தது. குழாய் வழியாக ஆற்றில் எதை விட்டாலும் உரிமம் வேண்டும் என்றது. மழைநீர்க் குழாயும் குழாய்தானே? மத்தியச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, அதாவது இ.பி.ஏ., லட்சக்கணக்கான வடிகால் வாய்களுக்கு உரிமம் எழுதிக்கொண்டிருக்க முடியாது என்று விலக்குத் தரப் பார்த்தது. அது செல்லாது என்று 1977இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதன் பிறகும் பத்து ஆண்டுகள் இழுபறி. கடைசியில் 1987இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, நகராட்சி வடிகால்களுக்கென்றே ஒரு தனி அளவுகோலை வைத்தது. மழையல்லாத நீர் வடிகாலில் சேரக் கூடாது. மழைநீரில் வரும் மாசை 'நடைமுறைக்கு இயன்ற உச்ச அளவுக்கு' குறைக்க வேண்டும். அந்த 'இயன்ற' என்ற சொல்லை வைத்துக்கொண்டு வழக்கறிஞர்கள் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பிழைத்துவருகிறார்கள். 1990இல் ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்கள் உரிமத்துக்குள் வந்தன. 1999 விதி எங்களைப் போன்ற சிற்றூர்களையும் இழுத்துப் போட்டது.

பெரும்பாலான மாநிலங்களில் இந்த உரிமத்தை மாநில அரசே எழுதுகிறது. மாசசூசெட்ஸ் அப்படியல்ல; இங்கே இ.பி.ஏ. நேரடியாக எழுதுகிறது. இப்போதைய உரிமம் 2016இல் கையெழுத்தாகி, 2018 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்தது. அதன் ஐந்தாண்டுக் கெடு முடிந்துவிட்டது. புதியது வரும்வரை பழையதே தொடர்கிறது. எல்லா ஊர்களுக்கும் பொதுவான கட்டாயங்கள் ஆறு: மக்களுக்கு எடுத்துச் சொல்வது, மக்களைக் கலந்துகொள்வது, திருட்டு இணைப்புகளைத் தேடி அடைப்பது, கட்டுமான இடங்களின் மண் கரைந்து போகாமல் பார்ப்பது, கட்டி முடித்த பிறகு அங்கே ஓடும் நீரைக் கட்டுப்படுத்துவது, ஊராட்சி தன் சொந்த வாசலைச் சுத்தமாக வைத்திருப்பது. சார்ல்ஸ் படுகை ஊர்களுக்கு இதற்கு மேல் ஒரு தலைவலி உண்டு. அதன் பெயர் பாஸ்பரஸ்.

ஆற்றின் கீழ்ப்பகுதியில் 2006 கோடையில் நீலப்பச்சைப் பாசி பெரிதாகப் படர்ந்தது. பாசிக்குத் தீனி பாஸ்பரஸ். ஆறு தாங்கக்கூடிய பாஸ்பரஸ் எவ்வளவு என்ற கணக்கு அடுத்த ஆண்டே வந்தது; கீழ்ப்பகுதிக்கு வரும் சுமை பாதிக்கும் மேல் குறைய வேண்டும் என்றது அந்தக் கணக்கு. அதைத்தான் உரிமம் ஊர் ஊராகப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. இருபது ஆண்டுத் திட்டம், மூன்று கட்டம். எந்த வேலை செய்தால் ஊரின் கணக்கிலிருந்து எவ்வளவு பாஸ்பரஸ் கழித்துக்கொள்ளலாம் என்று உரிமத்தின் பின்னிணைப்பில் ஓர் அட்டவணையும் இருக்கிறது. எங்கள் குழுவின் சண்டைகளில் பாதி அந்த அட்டவணையை முன்வைத்துத்தான்.

திருட்டு இணைப்பைத் தேடுவது

முதல் வழி, மழைநீர்க் குழாயில் கலந்திருக்கும் கழிவுநீரைக் கண்டுபிடித்து அடைப்பது. சென்னைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கூவத்திலும் அடையாற்றிலும் பக்கிங்காம் கால்வாயிலும் கோடைக்காலத்தில் ஓடுவது என்ன என்று அவர்களுக்குத் தெரியும். இங்கே ஆற்றைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. ஆனால் நூறாண்டுப் பழைய ஊர்களில் சங்கதி ஒன்றேதான். எப்போதோ ஒரு பிளம்பர் பக்கத்தில் எந்தக் குழாய் இருந்ததோ அதில் இணைத்துவிட்டுப் போயிருப்பார். சில தெருக்களில் கழிவுநீரும் மழைநீரும் ஒரே ஆள்நுழைவுக் குழியின் வழியாகப் போகும். நடுவில் ஒரு தகடுதான் தடுப்பு. தகடு நகர்ந்தால் முடிந்தது.

கண்டுபிடிக்கும் முறை எளிது, சலிப்பூட்டுவது. மழையில்லாமல் ஒரு முழு நாளாவது கழிந்த பிறகு ஒவ்வொரு வடிகால் வாய்க்கும் போய்ப் பார்க்க வேண்டும். காய்ந்த நாளில் அதில் தண்ணீர் ஓடினால் அந்தத் தண்ணீருக்கு ஒரு கதை இருக்கிறது. அம்மோனியா, சோப்பு, குளோரின், மலத்தில் வாழும் ஈ.கோலை கிருமி ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். சோப்பும் அம்மோனியாவும் இருந்தால் யாருடைய வீடோ. குளோரின் மட்டும் இருந்தால் குடிநீர்க் குழாய் எங்கோ கசிகிறது. பிறகு குழி குழியாக மேலேறிப் போய், கேமரா விட்டு, சந்தேகப்பட்ட வீட்டுக் கழிப்பறையில் சாயம் ஊற்றி, அந்தச் சாயம் எந்தக் குழாயில் எட்டிப் பார்க்கிறது என்று காத்திருக்க வேண்டும். உரிமம் இதற்குப் பத்தாண்டு கெடு வைத்திருக்கிறது. சந்தேகம் வலுத்த பகுதிகளுக்கு ஏழாண்டு.

ஆக, இதைச் செய்வதா வேண்டாமா என்ற கேள்வியே இல்லை. கெடுவின் கடைசி நாளுக்கு நகர்த்துவதா, இப்போதே பணம் போட்டு முடிப்பதா என்பதுதான் கேள்வி. என் பக்கம் இப்போதே. மற்ற எல்லா வழிகளிலும் மாசு மழை பெய்தால்தான் வருகிறது. இதில் மட்டும் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் வருகிறது. அத்துடன், அடைத்த இணைப்பு அடைத்ததுதான். அடுத்த ஆண்டு அதற்குத் தண்ணீர் ஊற்றிக் களை பிடுங்க வேண்டியதில்லை. குறை ஒன்று உண்டு. எத்தனை இணைப்பு கிடைக்கும் என்று முன்கூட்டி யாரும் சொல்ல முடியாது. மாதக்கணக்கில் அலைந்து ஒன்றும் அகப்படாமலும் போகலாம். நிதிக்குழுவிடம் போய் "தேடினோம், கிடைக்கவில்லை, நல்ல சேதி" என்று சொன்னால் அவர்கள் முகம் போகும் போக்கை நான் பார்த்திருக்கிறேன்.

இலை

இரண்டாவது வழி கேட்கவே அற்பமாக இருக்கும். இலையுதிர்காலத்தில் தெருவில் விழும் இலையை மழைக்கு முன்னால் அள்ளிவிடுவது.

ஓர் இலை தெருவோரம் கிடந்து நனைந்தால் தேயிலை மாதிரிதான். பாஸ்பரஸ் அதிலிருந்து தண்ணீரில் இறங்குகிறது. கரைந்த பாஸ்பரஸை வண்டல் தொட்டியும் வடிகட்டியும் பிடிப்பதில்லை. அது மணலைப் போல அடியில் படிவதில்லையே. விஸ்கான்சின் மாநிலத்தின் மாடிசன் நகரத்தில் அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் இதை அளந்து 2016இல் வெளியிட்டது. ஒரு குடியிருப்புப் பகுதியில் இலையை வாரந்தோறும் அள்ளினார்கள், ஒவ்வொரு மழைக்கும் முன்னால் தெருவைத் துடைத்தார்கள். பக்கத்துப் பகுதியைச் சும்மா விட்டார்கள். அள்ளிய பகுதியில் இலையுதிர்காலப் பாஸ்பரஸ் 84 சதவீதம் குறைந்தது. இலையை விட்டுவைத்தால், குளிர்காலம் நீங்கலாக ஆண்டின் மொத்தப் பாஸ்பரஸில் 56 சதவீதம் அந்தச் சில வாரங்களிலேயே போய்விடுகிறது. அள்ளினால் 16 சதவீதம்.

இப்போது எங்கள் உரிமத்தின் அட்டவணையைப் பாருங்கள். செப்டம்பர் தொடக்கத்திலிருந்து டிசம்பர் தொடக்கம்வரை வாரந்தோறும் தெருவிலிருந்து இலையை அப்புறப்படுத்தினால் கழித்துக்கொள்ளக் கிடைப்பது 5 சதவீதம். தெருப் பெருக்கும் வண்டிக்கும் இதே கஞ்சத்தனம்தான். பழைய பிரஷ் வண்டி ஆண்டுக்கு இரண்டு முறை போனால் 1 சதவீதம், காற்றுச் சுழற்சியில் உறிஞ்சும் புது வண்டி வாரம் தவறாமல் போனால் 10. வண்டல் தொட்டியைத் தூர் வாரினால் 2.

அட்டவணையை எழுதியவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆய்வுக் குழு ஒரு பகுதியில் மழைக்கு முன் ஆள் வைத்துத் துடைத்ததை, ஓர் ஊராட்சி தன் எல்லாத் தெருக்களிலும் செய்யும் என்று நம்ப முடியாது. தெருவெங்கும் கார்களும் நிற்கின்றன. எழுத்தில் அவர்கள் சிக்கனம் காட்டியதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் விளைவு என்ன? ஊர்கள் அட்டவணையைப் பார்க்கின்றன. 5 சதவீதம்தானே என்று இலையைத் தள்ளி வைத்துவிட்டு, அதிகம் கழியும் கான்கிரீட் வேலைக்குப் போகின்றன. ஆறு அட்டவணையைப் படிப்பதில்லை. எனக்கு 84 நடக்கும் என்ற நம்பிக்கை இல்லை. அதில் கால்வாசி நடந்தாலும் அட்டவணையில் உள்ளதைவிட அது அதிகம்.

எங்கள் ஊரில் தடையாக நிற்பது பணம்கூட இல்லை. வாடகைக்கு எடுத்த தோட்ட வேலைக்காரர்கள் காற்றூதியால் இலையைப் புல்வெளியிலிருந்து தெருவுக்குத் தள்ளிவிட்டுப் போகும் பழக்கம்தான். வீட்டுக்காரருக்கு வாசல் சுத்தம். தெரு யாருடையது? தெரு ஊருடையது. நம் ஊர்ப் பக்கத்தில் குப்பையைப் பக்கத்து மனையில் தள்ளுவதற்கும் இதற்கும் எந்த வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை, இங்கே இயந்திரம் கொஞ்சம் சத்தம் போடுகிறது என்பதைத் தவிர.

மழைத் தோட்டமா, மைதானத்துக்கு அடியிலா

மூன்றாவது வழியில்தான் படங்கள் அழகாக இருக்கும். தெருவோரம் பள்ளம் தோண்டி, மண் மாற்றி, புல்லும் பூச்செடியும் நட்டு, தெருநீரை அதற்குள் திருப்பி மண்ணுக்குள் இறங்க விடுவது மழைத் தோட்டம். அதே வேலையைப் பெரிய அளவில், பள்ளி மைதானத்துக்கு அடியில் சரளையும் துளைக்குழாயும் புதைத்துச் செய்வது இன்னொரு வகை. நம் மொழியில் சொன்னால் ஒரு பிரம்மாண்ட உறிஞ்சுகுழி. ஒரு ஏக்கர் தார்த்தளத்தில் ஓர் அங்குல மழை பெய்தால் ஒரு லட்சம் லிட்டருக்குச் சற்று மேல் தண்ணீர் ஓடும். அதை மண்ணுக்குள் அனுப்பிவிட்டால் அதோடு சேர்ந்த பாஸ்பரஸ் ஆற்றுக்குப் போகாது. நிலத்தடி நீரும் ஊறும், கோடையில் ஓடையும் வற்றாது. அட்டவணையும் இதற்குத் தாராளமாகத்தான் கழித்துத் தருகிறது.

குழுவில் பாதிப் பேர் தெருவுக்குத் தெரு மழைத் தோட்டம் என்கிறார்கள். நான் மைதானத்தின் பக்கம். மழைத் தோட்டத்தின் மீது எனக்கு வெறுப்பு எதுவும் இல்லை. கேம்பிரிட்ஜ் நகரத்தில் எல்வைஃப் ஓடையோரம் 2013இல் திறந்த மூன்றரை ஏக்கர் மழைநீர்ச் சதுப்பைப் போய்ப் பார்த்துவிட்டு, அங்கேயே ஒரு முழு மாலை நாரைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். ஆனால் அது ஒரே இடத்தில் இருக்கும் ஒரு பெரிய அமைப்பு. நாற்பது தெருவோரப் பள்ளங்கள் என்பது நாற்பது இடங்களில் களை, நாற்பது நுழைவாய்களில் மணல், நாற்பது வீட்டுக்காரர்களின் தொலைபேசி அழைப்பு. எங்கள் பொதுப்பணித் துறையில் ஆட்கள் ஏற்கெனவே பற்றாக்குறை; குளிர்காலத்தில் அதே ஆட்கள்தான் பனி வாருகிறார்கள். பனிக்காலம் முழுக்கத் தெருவில் கொட்டிய மணல், வசந்தத்தில் முதல் வேலையாக மழைத் தோட்டத்தின் வாயை அடைக்கும். ஒரு மழைத் தோட்டத்தைத் திறந்துவைக்க வருகிறவர்கள் பத்தாம் ஆண்டில் அதைக் கொத்திவிட வருவதில்லை.

பலரும் கவனிக்காமல் போவது இன்னொன்று உண்டு. செடி செழிக்க வேண்டுமென்று பள்ளத்து மண்ணில் மக்கு உரம் தாராளமாகக் கலப்பது வழக்கம். மக்கு உரத்தில் பாஸ்பரஸ் இருக்கிறது. அடியில் வடிகுழாய் வைத்த பள்ளமாக இருந்தால் அந்தப் பாஸ்பரஸ் கரைந்து குழாய் வழியாகவே ஆற்றுக்குப் போகும். பாஸ்பரஸைப் பிடிக்கக் கட்டியது பாஸ்பரஸை விற்பனை செய்யும். எங்கள் ஆற்றுப் படுகையில் மழைத் தோட்டம் கட்டினால் மண் கலவை என்ன என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும், பூவின் நிறம் அன்று.

வேறு ஆறாக இருந்தால் நானே வேறு மாதிரிப் பேசுவேன். வாஷிங்டன் மாநிலத்தில் கோஹோ சால்மன் மீன்கள் முட்டையிட நகர ஓடைகளுக்கு வந்து, மழை பெய்த சில மணி நேரத்தில் செத்து மிதந்தன. கார் டயரில் சேர்க்கும் ஒரு வேதிப்பொருள் ஓசோனோடு சேர்ந்து நஞ்சாவதுதான் காரணம் என்று 2020 டிசம்பரில் கண்டுபிடித்தார்கள். அந்தத் தெருநீரை மண் பள்ளத்தின் வழியாக வடித்தால் மீன் பிழைக்கிறது என்பது அதற்கு முன்பே சோதனையில் தெரிந்திருந்தது. அங்கே மழைத் தோட்டம்தான் முதல் தேர்வு, சந்தேகமே இல்லை. லாஸ் ஏஞ்சலிஸ் ஆற்றின் தொல்லை குப்பை. அங்கே ஐந்து மில்லிமீட்டருக்கு மேற்பட்ட எதுவும் தாண்டாதபடி வடிகால் வாயில் சல்லடை வைப்பது என்று அளவையே எழுதிவைத்துவிட்டார்கள். பாஸ்பரஸுக்குச் சல்லடை எதற்கு ஆகும்? எங்கள் உப்புத் தொல்லைக்கோ இவை எதுவுமே ஆகாது. பனியுருக்கத் தெருவில் தூவும் உப்பை மழைத் தோட்டமும் பிடிக்காது, மைதானத்துச் சரளையும் பிடிக்காது. மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீரில் போய் உட்கார்ந்துகொள்ளும். குறைவாகத் தூவுவதுதான் ஒரே வழி.

மைதானத் திட்டத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, அதைப் பொறியாளர்கள் தாங்களாகவே முன்வந்து சொல்வதில்லை. ஓர் அங்குல மழையை முழுக்கப் பிடிக்கும்படி கட்டுவது வழக்கம். ஆனால் பிடிக்கும் அளவு கூடக் கூட, கழியும் பாஸ்பரஸ் அதே விகிதத்தில் கூடுவதில்லை. இந்தப் பகுதியில் பெய்யும் மழைகளில் பெரும்பாலானவை சிறு மழைகள்; பெருமழையிலும் அழுக்கு முதலில் வரும் தண்ணீரில்தான் அதிகம். ஆகையால் அரை அங்குலத்துக்குக் கட்டினாலே பலனில் பெரும்பங்கு வந்துவிடுகிறது. எவ்வளவு மழையைப் பிடித்தால் எவ்வளவு பாஸ்பரஸ் கழியும் என்று இ.பி.ஏ. வரைந்த வளைகோடுகளே இதைக் காட்டுகின்றன. ஒரே பணத்தில் ஓர் அங்குலத்துக்கு ஒரு மைதானமா, அரை அங்குலத்துக்கு இரண்டு மைதானமா என்றால் இரண்டாவதுதான். புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு உரிமம் ஓர் அங்குலம் கேட்கிறது, அது வேறு. பழைய தெருக்களுக்குப் பின்னால் சேர்க்கும் வேலையில் ஊருக்குக் கை கட்டப்படவில்லை.

கட்டணத்தை யார் தலையில் வைப்பது

நான்காவது வழி, ஊர் தானே வேலை செய்வதைக் குறைத்துக்கொண்டு நில உரிமையாளர்களைச் செய்ய வைப்பது. பெரிய வாகன நிறுத்தங்கள், கடைத் தொகுதிகள், அலுவலக வளாகங்கள்: தண்ணீர் இறங்காத தளம் இங்கேதான் பரந்து கிடக்கிறது. ஆனால் அவற்றிலிருந்து ஓடிவரும் பாஸ்பரஸ் ஊரின் குழாயில் விழுந்துவிட்டால் அது ஊரின் கணக்கில் ஏறுகிறது.

இதற்குத் தலைநகர் வாஷிங்டன் 2013இல் கெட்டிக்காரத்தனமாக ஒரு வழி செய்தது. அங்கே பெரிய கட்டடம் கட்டுகிறவர் 1.2 அங்குல மழையைப் பிடிக்க வேண்டும். 2013 விதிப்படி அதில் பாதியையாவது தன் மனையிலேயே பிடிக்க வேண்டும்; மிச்சத்துக்கு, வேறு எங்கோ மழைநீரைப் பிடித்தவரிடமிருந்து வரவுச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம். நிலம் விலை கூடிய இடத்தில் கட்டுகிறவர், விலை குறைந்த பகுதியில் ஒரு தேவாலயமோ பள்ளியோ செய்த வேலைக்குப் பணம் தருகிறார். கேட்க அழகாக இருக்கிறது. எங்கள் ஊரில் ஓடாது. சந்தை நடத்த வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் கணிசமாக வேண்டும்; எங்கள் ஊரில் ஆண்டுக்கு எத்தனை பெரிய கட்டடம் எழும்புகிறது என்பதை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கட்டணம் வேறு கதை. பிலடெல்பியா 2010 ஜூலையிலிருந்து மழைநீர்க் கட்டணத்தைத் தண்ணீர் மீட்டரிலிருந்து பிரித்து, மனையில் தண்ணீர் இறங்காத தளம் எவ்வளவு என்று பார்த்துப் போடத் தொடங்கியது. அதற்கு முன்னால் மீட்டரே இல்லாத வாகன நிறுத்தம் ஒன்றும் கட்டவில்லை. மாடிக் குடியிருப்பில் தண்ணீர் அதிகம் செலவழித்தவர் அதற்கும் சேர்த்துக் கட்டினார். புது முறையில் தார் போட்டவர் கட்டுகிறார். தன் தளத்திலேயே தண்ணீரை இறக்கினால் கட்டணத்தில் தள்ளுபடி. நியாயம் என்று பார்த்தால் இதற்கு மேல் நான் எதிர்பார்க்க ஒன்றும் இல்லை.

அரசியல் என்று பார்த்தால் மேரிலாந்தைப் பார்க்க வேண்டும். 2012இல் பெரிய மாவட்டங்கள் மழைநீர்க் கட்டணம் வசூலித்தே ஆக வேண்டும் என்று மாநிலம் சட்டம் போட்டது. எதிராளிகள் அதற்கு 'மழை வரி' என்று பெயர் வைத்தார்கள். இரண்டே சொல். 2014 ஆளுநர் தேர்தலில் அந்த இரண்டு சொல்லும் ஊர்வலம் போயின. 2015இல் கட்டாயம் நீக்கப்பட்டது. கட்டணம் சரியா தவறா என்று யாரும் வாதாடித் தோற்கவில்லை, பெயரில் தோற்றார்கள்.

எங்கள் மாநிலத்தில் கட்டணத்துக்கு ஒரு தனி நியாயமும் உண்டு. 1980இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த ஒரு சட்டம், ஊர் வசூலிக்கும் சொத்து வரியின் மொத்தம் ஆண்டுக்கு இரண்டரை சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்கிறது. புதுக் கட்டடங்களால் வருவது தனி. அந்தச் சட்டிக்குள் வடிகாலும் பள்ளிக்கூடமும் தீயணைப்பும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. வடிகாலா வாத்தியார் சம்பளமா என்று கேட்டால் வடிகால் எப்போதும் தோற்கும், தோற்கத்தான் வேண்டும். கட்டணம் அந்தச் சட்டிக்கு வெளியே இருக்கிறது.

பெரிய வாகன நிறுத்தங்கள் விஷயத்தில் இ.பி.ஏ.வே நேரடியாக இறங்கப் பார்த்தது. சார்ல்ஸ், மிஸ்டிக், நெபான்செட் படுகைகளில் ஓர் ஏக்கரும் அதற்கு மேலும் நீர் இறங்காத தளம் வைத்திருக்கும் தனியார் வணிக, தொழில், நிறுவன மனைகளுக்குத் தனி உரிமம் என்று 2024 அக்டோபர் இறுதியில் ஒரு வரைவை வெளியிட்டது. அதை நம்பி ஊர் கையைக் கட்டிக்கொண்டிருக்கலாம் என்கிறார் குழுவில் ஒருவர். வரைவை வைத்து வரவுசெலவுத் திட்டம் போடும் துணிச்சல் எனக்கு இல்லை.

உச்ச நீதிமன்றத்தின் நிழலும் இந்தத் தேர்வில் விழுந்திருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ நகரம் இ.பி.ஏ. மீது போட்ட வழக்கில் 2025 மார்ச் 4 அன்று 5–4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. அந்த வழக்கு கழிவுநீரும் மழைநீரும் ஒரே குழாயில் போகும் பழைய அமைப்பைப் பற்றியது. ஆனால் தீர்ப்பின் வீச்சு பெரிது. 'ஆற்று நீரின் தரம் கெடாமல் பார்த்துக்கொள்' என்று முடிவை மட்டும் சொல்லிப் பொறுப்பை உரிமம் பெற்றவர் தலையில் கட்டக் கூடாது; என்ன செய்ய வேண்டும் என்பதை முகமையே எழுத வேண்டும் என்றது நீதிமன்றம். ஊர்களுக்கு இது நிம்மதி என்று பலர் சொன்னார்கள். எனக்கு அரை நிம்மதி. இனி வரும் உரிமங்களில் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல் இன்னும் நீளும், அட்டவணைக்கு இன்னும் மவுசு கூடும். பெருக்கிய மைல், தூர் வாரிய தொட்டி, ஒட்டிய சுவரொட்டி என்று எண்ணிக் கொடுத்தால் ஊர் தப்பித்துவிடும். பாசி எவ்வளவு படர்ந்தது என்று கேட்க ஆள் குறைந்துவிடும்.

ஆகவே குழுக் கூட்டத்தில் நான் சொல்லப்போவது இதுதான். கையில் இருக்கும் பணத்தில் முதல் பங்கு குழாய்க் கேமராவுக்கும் சோதனைக்கும். பத்தாண்டு கெடு முடியும் 2028 வரை இழுக்க வேண்டாம். ஓடைக்குப் பக்கத்தில் உள்ள பழைய தெருக்களை இந்தக் கோடையிலேயே முடித்துவிடலாம். மிச்சத்தில் இலை: உறிஞ்சும் வண்டியைச் செப்டம்பர் முதல் டிசம்பர்வரை வாடகைக்கு எடுப்பது, தெருவில் இலையைத் தள்ளக் கூடாது என்று ஊர்ச் சட்டத்தில் ஒரு வரி சேர்ப்பது. அந்த ஒரு வரிக்குத்தான் ஊர்க் கூட்டத்தில் மிகப் பெரிய கூச்சல் இருக்கும் என்று எனக்குத் தெரியும். மழைத் தோட்டம், ஆசைப்படுகிறவர்களுக்காக ஒன்றே ஒன்று, நூலக வாசலில், மக்கு உரம் இல்லாத மண்ணோடு. கட்டணத்தை இந்த ஆண்டு கொண்டுவர வேண்டாம். முதலில் எந்த மனையில் எவ்வளவு தளம் என்ற வரைபடம் கையில் இருக்கட்டும். வரைபடம் இல்லாமல் கட்டணம் பேசப் போனால் மேரிலாந்துதான்.

மைதானத் திட்டம், கட்டணம் வந்த பிறகு. ஆனால் அங்கே மண்ணில் துளை போட்டுப் பார்க்கும் வேலையை மட்டும் இப்போதே செய்துவிட வேண்டும், அதையும் ஏப்ரலில். பனி உருகி நிலத்தடி நீர் உச்சத்தில் நிற்கும் மாதம் அது. போன முறை வந்த ஆலோசகர் செப்டம்பரில் துளை போட்டு, தண்ணீர் ஆழத்தில் இருக்கிறது, தாராளமாகக் கட்டலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த மைதானத்தில் ஏப்ரலில் கால்பந்து விளையாடும் பிள்ளைகளின் காலுறையைத் துவைத்த எந்தத் தாயிடம் கேட்டிருந்தாலும் சரியான பதில் கிடைத்திருக்கும்.